பார்படோஸ்ல தங்கப் போறீங்களா? ஊர்க்காரங்களோட பழகுறது எப்படி

வெஸ்ட் இண்டீஸ் தீவான பார்படோஸ்ல சும்மா நாலு நாள் சுத்திப்பாக்காம மாசக்கணக்குல தங்கப் போறீங்கன்னா (வீட்லேருந்தே வேலை பாக்குறவங்களுக்காக 2020ல வெல்கம் ஸ்டாம்ப்னு 12 மாச விசா கொண்டுவந்தாங்க, நிறைய பேர் அதுலதான் வர்றாங்க) மொதல்ல பழகிக்க வேண்டியது குட் மார்னிங் சொல்றது. கடைக்குள்ள நுழைஞ்சாலும் சரி, பஸ்ல ஏறினாலும் சரி, டாக்டர பாக்க போய் உக்காந்தாலும் சரி, அங்க இருக்கிற எல்லாருக்கும் பொதுவா ஒரு வணக்கம் வச்சுட்டுதான் மத்ததெல்லாம். இருட்டினப்புறம் ஆள பாத்ததுமே குட் நைட்னுதான் ஆரம்பிப்பாங்க, கெளம்ப சொல்றாங்கன்னு நெனச்சுக்காதீங்க. வணக்கம் வைக்காம நேரா "இது எவ்ளோ"ன்னு கேட்டா பதில் வரும், ஆனா அதுக்கு மேல ஒரு வார்த்தை வராது. சொல்லிப் பாருங்க, அடுத்த வாரம் அவங்களே எங்க ஆளக் காணோம்னு கேப்பாங்க.

அப்புறம் கார் எடுக்காதீங்க, மொத ரெண்டு வாரமாவது பஸ்லயே போங்க. ஸ்டாப் போர்டுல "டு சிட்டி", "அவுட் ஆஃப் சிட்டி"ன்னு எழுதியிருக்கும், சிட்டின்னா தலைநகர் பிரிட்ஜ்டவுன். நீல கலர் பஸ் கவர்மெண்ட்டோடது, டிக்கெட் 3.50 பேஜன் டாலர் (பேஜன்னா பார்படோஸோடதுன்னு அர்த்தம்), அதுல மீதி சில்லறை தரமாட்டாங்க, சரியா எண்ணி வச்சுக்கோங்க (2 பேஜன் டாலர் 1 அமெரிக்க டாலர், அது மாறவே மாறாது). மஞ்சள் மினிபஸ்ஸும் இசட்ஆர்னு சொல்ற வெள்ளை வேனும் தனியாரோடது. இசட்ஆர்ல பாட்டு காது கிழியும், இடமே இல்லன்னாலும் இன்னும் ரெண்டு பேர ஏத்துவாங்க, ஆனா எறங்க வேண்டிய எடத்த கண்டக்டர்கிட்ட சொல்லிட்டா வேன்ல பாதிப்பேர் சேந்து உங்களுக்காக ஞாபகம் வச்சு எறக்கி விடுவாங்க.

ஆளுங்கள பாக்க எனக்கு ரொம்ப பிடிச்ச எடம் கடல்தான், அதுவும் விடிகாலையில. பெரியவங்க நிறைய பேர் வெயில் ஏறுறதுக்கு முன்னாடியே வந்து கழுத்தளவு தண்ணியில நின்னு ஊர்க்கதை பேசிட்டிருப்பாங்க, ஆய்ஸ்டின்ஸ்ங்கிற மீனவ ஊர் பக்கத்துல மயாமி பீச்சுலயும் (அமெரிக்கா மயாமி இல்ல) கார்லைல் பேங்கிற பீச்சுலயும் தினமும் பாக்கலாம். பீச் எல்லாமே பொது, எந்த ஓட்டலும் தடுக்க முடியாது. போய் வணக்கம் சொல்லிட்டு பக்கத்துல நில்லுங்க, மத்தத அவங்க பாத்துப்பாங்க. ஒண்ணே ஒண்ணு, செவப்பு பட்டை அடிச்ச மரத்துக்கிட்ட போகாதீங்க. அது மான்சினீல், பழம் விஷம், மழைக்கு அதுக்கடியில ஒதுங்கினா சொட்டுற தண்ணியே தோல கொப்புளமாக்கிடும்.

சாயங்காலம்னா ரம் ஷாப். தெருவுக்குத் தெரு சின்னதா ஒண்ணு இருக்கும், டொமினோ கட்டைய மேஜையில ஓங்கி அடிச்சு ஆடுவாங்க, கூப்பிடுற வரைக்கும் பக்கத்துல நின்னு பாருங்க. குடிக்காதவங்க மாபின்னு ஒரு மரப்பட்டை ஜூஸ் கேளுங்க, லேசா கசக்கும். பேச்சுக்கு கிரிக்கெட் ஒண்ணு போதும், சோபர்ஸ், மால்கம் மார்ஷல், ஜோயல் கார்னர் எல்லாம் இந்த ஊர் ஆளுங்க. 2024 ஜூன் 29 நாம டி20 உலகக்கோப்பை ஜெயிச்சது இங்க கென்சிங்டன் ஓவல்லதான், அத அவங்களே ஆரம்பிப்பாங்க. ஆனா அங்க 5 டாலர் நோட்டுல இருக்கிற பழைய வெஸ்ட் இண்டீஸ் கேப்டன் ஃப்ராங்க் வொரெல்ல பத்தி பேசுங்க. 1962ல நம்ம கேப்டன் நாரி கான்ட்ராக்டருக்கு இதே ஊர்ல தலையில பந்து பட்டு உயிருக்கே ஆபத்தானப்போ ரத்தம் குடுத்தவங்கள்ல அவரும் ஒருத்தர், இத ஒரு இந்தியர் ஞாபகம் வச்சிருக்கார்னு தெரிஞ்சா வயசானவங்க முகமே மாறிடும்.

சாப்பாட்டுக்கு வெள்ளிக்கிழமை ராத்திரி ஆய்ஸ்டின்ஸ், சுட்ட மீனும், மக்ரோனி பைனு சொல்ற சீஸ் போட்டு சுட்ட மக்ரோனியும். மெனுவுல டால்ஃபின்னு இருந்தா பயப்படாதீங்க, அது மாஹி மாஹி மீன். சனிக்கிழமை காலையில சீப்சைடு மார்க்கெட்ல சீமைப்பலா, வெண்டைக்காய், மாங்காய் எல்லாம் கெடைக்கும். வெண்டைக்காய் போட்டு சோளமாவுல கிண்டுற கூகூ நம்ம களி மாதிரிதான், பறக்குற மீன் கொழம்போட சாப்பிடுவாங்க. சைவம்னா ரைஸ் அண்ட் பீஸ்ல (பயறு போட்ட சோறு) உப்புக்கறி போட்டாங்களான்னு கேட்டுட்டு வாங்குங்க.

மிலிட்டரி டிசைன் துணி எதுவும் பெட்டியில வேண்டாம், கொழந்தைங்க டிரஸ்னாலும் சட்டப்படி குத்தம். பீச் டிரஸ்ஸோட கடைக்கும் போகாதீங்க. ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கு யாராவது கூப்பிட்டா நல்ல சட்டை போட்டுட்டு போங்க, எந்த மதமா இருந்தாலும் சரி, பக்கத்துல உக்கார வச்சு பாத்துப்பாங்க. பக்கத்து வீட்டுக்காரங்க தோட்டத்து சீமைப்பலாவ கொண்டுவந்து குடுத்தா காசு எடுக்காதீங்க, மனசு கஷ்டப்படும். அதையே வறுத்தோ கொழம்பு வச்சோ ஒரு டப்பாவுல திருப்பிக் குடுங்க, காரத்த கொறைக்கவே வேண்டாம், அங்க எல்லார் வீட்லயும் மஞ்சக்கலர் பெப்பர் சாஸ் ஒரு பாட்டில் எப்பவும் இருக்கும்.