கைபேசியை ரஷ்ய மொழிக்கு மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆண்ட்ராய்டு கைபேசியின் திரைமொழியை ரஷ்ய மொழிக்கு மாற்ற அரை நிமிடம் போதும். மாற்றிய பிறகு எதை எங்கே தொடுவது என்று தெரியாமல் திகைத்து, பக்கத்து அறை நண்பரிடமோ கைபேசிக் கடையிலோ போய் நிற்பவர்கள் பலர். மருத்துவம் படிக்க ரஷ்யா செல்லும் மாணவர்கள், வேலை நிமித்தம் அங்கே தங்குபவர்கள், ஊரிலிருந்தபடியே மொழி கற்பவர்கள் எனப் பலதரப்பட்டவர்களும் இதைச் செய்து பார்க்கிறார்கள். இவர்கள் செய்யும் தவறுகளைக் கவனித்தால், பெரும்பாலானவை ஒரே இடத்தில் பிறப்பது தெரியும். கைபேசியின் மொழி என்பதை இவர்கள் ஒற்றைச் சுவிட்சு போல நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் திரையில் தோன்றும் மொழி, விசைப்பலகையின் மொழி, வாசித்துக் காட்டும் குரலின் மொழி, கூகுள் கணக்கின் மொழி, பிளே ஸ்டோர் கருதும் நாடு ஆகிய ஐந்துக்கும் தனித்தனி அமைப்புகள் உண்டு. ஒன்றை மாற்றினால் மற்றவை எல்லாம் பின்னாலேயே வந்துவிடும் என்று நம்புவதிலிருந்துதான் தொல்லை தொடங்குகிறது.

திரும்பி வரும் வழி

முதல் தவறும் மிகப் பெரிய தவறும், திரும்பி வரும் வழியைப் பார்த்து வைக்காமல் மாற்றிவிடுவது. மாற்றுவதற்கு முன் செட்டிங்ஸில் எந்தப் பகுதிக்குள் எத்தனையாவது வரியைத் தொட்டோம் என்பதை ஸ்கிரீன்ஷாட்டாக எடுத்து வேறொருவருக்கு அனுப்பிவைப்பது, அல்லது ஒரு தாளில் குறித்துக்கொள்வது நல்லது. பிக்சல் போன்ற கைபேசிகளில் 'சிஸ்டம்' என்ற பகுதிக்குள்ளும், சாம்சங்கில் 'ஜெனரல் மேனேஜ்மென்ட்' என்ற பகுதிக்குள்ளும் மொழித்தேர்வு இருக்கும். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கைபேசியில் உள்ள அனைத்தையும் அழித்துப் புதியதாக்கும் ரீசெட் வசதியும் அதே பகுதிக்குள்தான், சில வரிகள் தள்ளி, அமைந்திருக்கிறது.

எனக்குத் தெரிந்த ஒரு மாணவி இப்படித்தான் சிக்கினார். விடுதிக்கு வந்த முதல் வாரத்தில் ஆர்வத்தில் மொழியை மாற்றிவிட்டு, மறுநாள் பழைய நிலைக்குத் திரும்ப நினைத்து ஒவ்வொரு வரியாகத் தொட்டுப் பார்த்திருக்கிறார். ஒரு திரை பின் எண்ணைக் கேட்டதும், மொழி மாற்றத்தை உறுதிசெய்யத்தான் கேட்கிறது என்று எண்ணி உள்ளிட்டார். அடுத்து வந்த பொத்தானையும் அழுத்தினார். கைபேசி அணைந்து எழுந்தபோது பெட்டியிலிருந்து எடுத்த நாளைப் போல வெறுமையாக இருந்தது. நகல் எடுத்து வைக்காத படங்கள் போனவை போனவைதான். மொழியை மாற்றுவதற்குக் கைபேசி ஒருபோதும் பின் எண்ணைக் கேட்பதில்லை. கேட்டால் அது வேறு வேலை என்று புரிந்துகொண்டு, அங்கேயே பின்வாங்கிவிட வேண்டும்.

ரஷ்ய எழுத்து ஒன்றுகூடத் தெரியாதவரும் இந்த விபத்தைத் தவிர்க்க முடியும். மொழியைக் குறிக்கும் 'யஸிக்' என்ற சொல், ஆங்கில 'ஆர்' எழுத்தைக் கண்ணாடியில் பார்த்தது போன்ற எழுத்தில் தொடங்கும். மீட்டமைத்தலைக் குறிக்கும் 'ஸ்ப்ரோஸ்' என்ற சொல், ஆங்கில 'சி'யைப் போன்ற எழுத்தில் தொடங்கும். திரும்பிய 'ஆர்' தெரிந்தால் தொடலாம். 'சி' தெரிந்தால் விலக வேண்டும். பிக்சலில் 'சிஸ்டம்' என்பதன் ரஷ்யச் சொல்லும் அதே 'சி'யில்தான் தொடங்கும் என்பதால், இந்த விதி அந்தப் பகுதிக்குள் நுழைந்த பிறகே பொருந்தும். பற்சக்கரப் படமுள்ள செட்டிங்ஸ் செயலியைத் திறந்து, இந்தத் திரும்பிய 'ஆர்' தென்படும் வரை தேடினால் மொழிப் பக்கத்தை அடைந்துவிடலாம். அங்கே போய்ச் சேர்ந்தபின் கவலை இல்லை. ஒவ்வொரு மொழியின் பெயரும் அதன் சொந்த எழுத்திலேயே காட்டப்படுவதால், தமிழ் என்பது தமிழிலேயே இருக்கும். அதுவும் கைகூடாவிட்டால், இன்னொரு கைபேசியின் கேமராவில், காணும் எழுத்தை மொழிபெயர்த்துக் காட்டும் கூகுள் லென்ஸைத் திறந்து இந்தத் திரையின்மேல் காட்டினால் போதும்.

பட்டியலில் வரிசைக்கும் பொருள் உண்டு

2016இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 7 முதல், கைபேசியில் ஒரே ஒரு மொழியை மட்டும் வைத்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பல மொழிகளை ஒரு பட்டியலாக வைக்கலாம். செயலிகள் அந்தப் பட்டியலை மேலிருந்து கீழாகப் படித்து, தம்மிடம் இருக்கும் முதல் மொழியை எடுத்துக்கொள்ளும். இதை அறியாமல் ரஷ்ய மொழியைச் சேர்த்த கையோடு ஆங்கிலத்தையும் தமிழையும் பட்டியலிலிருந்து நீக்கிவிடுபவர்கள் உண்டு. பழைய மொழி இருந்தால் புதியது சரியாக வேலை செய்யாது என்பது அவர்கள் எண்ணம். விளைவு என்னவென்றால், ரஷ்ய மொழி இல்லாத செயலி எந்த மொழியில் பேசும் என்பது அதை எழுதியவரின் விருப்பத்துக்குப் போய்விடுகிறது. ரஷ்ய மொழியை முதலிலும், நன்கு தெரிந்த மொழியை இரண்டாவதாகவும் வைப்பதே முறை. பட்டியலில் சேர்த்தால் மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். சில கைபேசிகளில் மொழியின் பெயருக்கு அருகே உள்ள கோட்டுக்குறியைப் பிடித்து இழுத்து முதலிடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். சாம்சங்கில் அதை இயல்பு மொழியாக அமைக்கவா என்று கேட்கும்போது ஒப்புக்கொள்ள வேண்டும்.

முழுக் கைபேசியையும் மாற்றுவது பலருக்குத் தேவையே இல்லை என்பது என் கருத்து. 2022இல் வந்த ஆண்ட்ராய்டு 13 முதல், ஒவ்வொரு செயலிக்கும் தனி மொழியைக் கொடுக்கலாம். மொழிப் பக்கத்தில் செயலி மொழிகள் என்ற தலைப்பின்கீழ் அது இருக்கும். மொழி கற்பவர் வானிலைச் செயலியையும் வரைபடத்தையும் மட்டும் ரஷ்ய மொழியில் வைத்தால், மழை, பனி, வலம், இடம் போன்ற சொற்கள் நாள்தோறும் கண்ணில் படும். பணம் அனுப்பும் செயலியில் தடுமாற வேண்டியதும் இல்லை. அந்தப் பட்டியலில் எல்லாச் செயலிகளும் தோன்றுவதில்லை. மொழிகளை அறிவித்து வைத்திருக்கும் செயலிகளே அங்கே வரும் என்பதால், ஒரு செயலியைக் காணோம் என்று கைபேசியைக் குறை சொல்லிப் பயனில்லை. டெலிகிராம், வாட்ஸ்ஆப் போன்றவற்றின் சொந்த அமைப்புகளுக்குள்ளும் மொழித்தேர்வு இருக்கிறது. டெலிகிராமில் முன்பே ஆங்கிலம் என்று தேர்ந்தெடுத்திருந்தால், கைபேசி முழுவதும் ரஷ்ய மொழிக்கு மாறிய பின்னும் அது ஆங்கிலத்திலேயே நிற்கக்கூடும்.

சிலர் நல்ல இணைய இணைப்பு இல்லாத நேரத்தில் மாற்றிவிட்டு, செயலிகள் மாறவில்லை என்று வருந்துகிறார்கள். பிளே ஸ்டோரிலிருந்து இறங்கும் பல செயலிகள், இடத்தை மிச்சப்படுத்துவதற்காக, கைபேசியில் அப்போது இருக்கும் மொழிகளுக்கான சொற்களை மட்டுமே கொண்டுவரும். புதிய மொழி சேர்ந்தபின் அதற்குரிய பகுதியைப் பிளே ஸ்டோர் தனியாக இறக்க வேண்டும். ஆகவே விமானம் ஏறும் முன்பு, வீட்டில் வைஃபை இருக்கும்போதே இதைச் செய்து, செயலிகளை ஒருமுறை திறந்து பார்த்துவிடுவது நல்லது.

மொழி மாற்றித் தரும் செயலிகள்

மொழிப் பட்டியலில் ரஷ்ய மொழியே இல்லாத கைபேசிகளும் உண்டு. சீனாவின் உள்நாட்டுச் சந்தைக்கென்று தயாரான சில கைபேசிகளில் சீனமும் ஆங்கிலமும் மட்டுமே இருக்கும். விலை குறைவு என்று அவற்றை வாங்கியவர்கள், மொழியை மாற்றித் தருவதாகச் சொல்லும் செயலிகளைத் தேடி இறக்குகிறார்கள். 2012இல் வந்த ஆண்ட்ராய்டு 4.2 முதல், கைபேசியின் மொழியை மாற்றும் அனுமதி சாதாரணச் செயலிகளுக்குக் கிடையாது. கணினியோடு இணைத்துக் கட்டளை வழியாக அந்த அனுமதியைக் கொடுத்தால்தான் அவை இயங்கும். அப்படியே இயங்கினாலும், கைபேசியின் மென்பொருளில் இல்லாத ரஷ்யச் சொற்களை அவற்றால் உருவாக்கித் தர முடியாது. தனியே நிறுவிய செயலிகள் சில ரஷ்ய மொழியில் பேசும். செட்டிங்ஸ் பழையபடியே இருக்கும். அணுகல் வசதிக்கான அனுமதியைக் கேட்கும் செயலியாக இருந்தால் அதை நிறுவாமல் விடுவதே மேல். திரையில் உள்ளதையெல்லாம் படிக்கும் உரிமை அது. கைபேசியின் மென்பொருளையே அழித்து வேறு நாட்டுப் பதிப்பை ஏற்றுவது இன்னொரு வழி என்றாலும், அதில் தவறினால் கைபேசி எழாமலே போகலாம். வாங்கும் முன்பே கடையில் மொழிப் பட்டியலைத் திறந்து பார்ப்பதற்கு இவ்வளவு பாடு இல்லை.

விசைப்பலகையும் கடவுச்சொல்லும்

திரைமொழி மாறியதும் சில கைபேசிகளில் ரஷ்ய விசைப்பலகை தானாகவே சேர்ந்துகொள்ளும். சிலவற்றில் நாமாகத்தான் சேர்க்க வேண்டும். எதுவாயினும் ஆங்கில விசைப்பலகையை நீக்கக் கூடாது. மின்னஞ்சல் முகவரியையும் கடவுச்சொல்லையும் அதில்தான் தட்டச்சு செய்ய வேண்டியிருக்கும். பூட்டுத்திரையில் எழுத்துகள் கலந்த கடவுச்சொல் வைத்திருப்பவர்கள் இதை இரட்டிப்பாகக் கவனிக்க வேண்டும்.

ரஷ்ய எழுத்துகள் 33. கூகுளின் விசைப்பலகைச் செயலியான ஜிபோர்டின் வழக்கமான ரஷ்ய அமைப்பில் மூன்று வரிசைகளில் 11, 11, 9 என்று 31 எழுத்துகளே தெரியும். மீதி இரண்டையும் காணாமல் விசைப்பலகை பழுது என்று நினைப்பவர்கள் உண்டு. 'யெ' எழுத்தின்மேல் விரலை அழுத்திப் பிடித்தால் 'யோ' வரும். மென்குறி (ь) என்ற எழுத்தின்மேல் அழுத்திப் பிடித்தால் வன்குறி (ъ) வரும். ஒரு நாளில் பழகிவிடும் விஷயம் இது.

பழகாத விஷயம் வேறு. ரஷ்ய எழுத்துகளில் சில, ஆங்கிலத்தின் ஏ, இ, ஓ, பி, சி, எக்ஸ் ஆகியவற்றை அச்சாக ஒத்திருக்கும். ரஷ்ய 'சி' உண்மையில் 'ஸ்' ஒலி. ரஷ்ய 'பி' உண்மையில் 'ர்' ஒலி. கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும் கணினிக்கு அவை வேறு வேறு எழுத்துகள். விசைப்பலகை ரஷ்ய மொழியில் நிற்பதைக் கவனிக்காமல் மின்னஞ்சல் முகவரியில் அப்படி ஓர் எழுத்து கலந்துவிட்டால், திரையில் முகவரி மிகச் சரியாகத் தோன்றும். கணக்கு இல்லை என்ற பதிலே வரும். கடவுச்சொல்லிலோ புள்ளிகள் மட்டும் தெரிவதால் தவறு கண்ணில் படவே வாய்ப்பில்லை. முன்பு நன்றாக இயங்கிய கடவுச்சொல் திடீரென மறுக்கப்பட்டால், அதை மாற்றப் போவதற்கு முன் இடைவெளி விசையில் எந்த மொழியின் பெயர் எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். புதிய கடவுச்சொல்லை உருவாக்கும்போது இது நேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம், ஏனெனில் தவறான எழுத்தே சரியான எழுத்தாகப் பதிவாகிவிடும்.

குறுஞ்செய்திக் கட்டணத்தையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஆங்கிலத்தில் 160 எழுத்துகள் கொள்ளும் குறுஞ்செய்தி, ரஷ்ய மொழியில் தமிழைப் போலவே 70 எழுத்துகளோடு முடிந்துவிடும்.

எண், நாடு, குரல்

ரஷ்ய வழக்கில் தசமப் புள்ளிக்குப் பதிலாகக் காற்புள்ளி வரும்; ஆயிரத்தைப் பிரிக்க இடைவெளி வரும். நாம் ஆயிரத்து ஐந்நூறு என்று படிக்கும் 1,500 என்பது அங்கே ஒன்றரை. ரஷ்ய மொழிக்கு மாறிய கைபேசியில் சில செயலிகள் தொகைகளை இந்த முறையில் காட்டும். சில பழைய முறையிலேயே காட்டும். ஒரே திரையில் இரண்டும் கலந்து வருவதற்கும் வாய்ப்புண்டு. பணம் அனுப்பும் முன் காற்புள்ளியை ஒருமுறைக்கு இருமுறை பார்ப்பது அவசியம். நாட்காட்டியில் வாரம் திங்களில் தொடங்குவதும் கடிகாரம் 24 மணிக் கணக்குக்கு மாறுவதும் தொல்லையே அல்ல.

மொழியைத் தேர்ந்தெடுக்கும்போது ரஷ்யா, பெலாரஸ், கஜகஸ்தான், கிர்கிஸ்தான் என்று நாடுகளின் பெயர்கள் வருவதைக் கண்டு, கணக்கின் நாடே மாறிவிடும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். மாறிவிட்டது என்று சிலர் நம்புகிறார்கள். இரண்டும் தவறு. அந்தத் தேர்வு எண், தேதி போன்றவற்றின் வடிவத்தை மட்டுமே தீர்மானிக்கும். பிளே ஸ்டோரின் நாடு தனி. அதை ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே மாற்ற முடியும். ரஷ்யாவில் பிளே ஸ்டோர் வழியாகப் பணம் செலுத்தும் வசதி 2022 மார்ச்சில் நிறுத்தப்பட்டது என்பதால், அங்கே போய்ச் சேர்ந்தவுடன் நாட்டையும் மாற்றிவிட வேண்டும் என்று துடிக்காமல் இருப்பது நல்லது.

திரையைப் பார்க்க இயலாமல், அதில் உள்ளதை வாசித்துக் காட்டும் டாக்பேக் வசதியைச் சார்ந்திருப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை தேவை. ரஷ்யக் குரலுக்கான தரவு கைபேசியில் ஏற்கெனவே இருக்கிறதா என்று உறுதிசெய்யாமல் திரைமொழியை மாற்றினால், பொத்தான்களின் பெயர்கள் புரியாத உச்சரிப்பில் வரலாம், அல்லது வாசிக்கப்படாமலே போகலாம். எழுத்தைப் பேச்சாக்கும் அமைப்பில் ரஷ்யக் குரலை முதலில் இறக்கி, மாதிரி வாக்கியத்தைக் கேட்டுப் பார்த்த பிறகே மொழியைத் தொட வேண்டும்.

மொழி கற்பவர்கள் செயலிகளின் ரஷ்ய மொழியை இலக்கணப் புத்தகமாகக் கொள்வதும் ஒரு தவறுதான். தமிழில் ஒரு கோப்பு, இரண்டு கோப்புகள் என்பதோடு எண்ணிக்கை வேறுபாடு முடிந்துவிடுகிறது. ரஷ்ய மொழியில் 1 ஃபைல், 2 ஃபைலா, 5 ஃபைலஃப் என்று மூன்று வடிவங்கள். 21 வந்ததும் மறுபடியும் ஃபைல். அவசரமாக மொழிபெயர்த்த செயலிகளில் இந்த மூன்றும் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கும். அங்கே பார்த்ததை அப்படியே வகுப்பில் எழுதினால் ஆசிரியர் சிவப்பு மையை எடுப்பார்.