அடுத்து என்ன படிக்கலாம்? தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நூலகத்தில் வாசகர்களுக்குப் புத்தகம் தேடிக் கொடுக்கும் வேலையைப் பல வருடங்களாகச் செய்துவருகிறேன். உதவிக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகள் அலமாரி முன்னால் நின்று செய்வதைப் பார்த்தால், தொடக்கத்தில் நான் செய்த அதே காரியங்கள் அப்படியே திரும்ப நடக்கின்றன. வாசகர்களும் தங்களுக்குத் தாங்களே அதைச் செய்துகொள்கிறார்கள், வீட்டுப் பிள்ளைகளுக்கும் செய்கிறார்கள். அட்டைப்படத்தில் மயங்குவது, பின்னட்டைப் புகழுரையை நம்புவது, எல்லாரும் படிக்கிறார்களே என்று வாங்குவது, இதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. ஒருமுறை கைசுட்டால் போதும், அடுத்த முறை நாமே ஜாக்கிரதையாகிவிடுவோம். அப்படித் தானாகச் சரியாகாதவை சில உண்டு.

தொடரை மொத்தமாக வாங்குவது

முதல் பாகத்தை முடியுங்கள். அப்புறம் இரண்டாவது.

புத்தக முதுகில் உள்ள எண்ணை நம்புவது

நார்னியா என்ற சிறுவர் நாவல் வரிசையில் 1950ல் முதலில் வெளிவந்தது, குழந்தைகள் ஓர் அலமாரி வழியாக வேறு உலகத்துக்குள் போகும் கதை. அந்த உலகம் பிறந்த முன்கதை 1955ல், ஆறாவதாக வந்தது. பிற்காலப் பதிப்புகள் அந்த முன்கதைக்கு ஒன்று என்று எண் போட்டுவிட்டன. எண்ணைப் பார்த்து அதில் தொடங்கும் குழந்தைக்கு, அலமாரிக்குள் என்ன இருக்குமோ என்ற திகைப்பு கிடைக்காமலே போகிறது. பெரும்பாலான தொடர்களில் முதல்முறை படிப்பவருக்கு வெளிவந்த வரிசையே நல்லது.

ஒரு புத்தகத்தை வைத்து ஒரு வகையையே தள்ளிவைப்பது

இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். இத்தனை வருடம் கழித்தும் இதைக் கேட்டால் எனக்கு எரிச்சல் வருகிறது.

நாற்பதைத் தாண்டிய ஒருவர் வந்தார். நிறையப் படிப்பவர், துப்பறியும் கதை என்றால் உயிர். அலமாரியில் இருந்ததையெல்லாம் படித்து முடித்துவிட்டு, வேறு ஏதாவது கொடுங்கள் என்று கேட்டார். "அறிவியல் புனைகதை பார்க்கிறீங்களா?" என்றேன். "அது எனக்கு ஒத்துவராதுங்க" என்று உடனே பதில் வந்தது. என்ன படித்தீர்கள் என்று கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. கல்லூரி நாளில் ஒரு நண்பர் தடிமனான நாவல் ஒன்றைக் கொடுத்திருக்கிறார். வேற்றுக் கிரகம், பல அரச குடும்பங்கள், கடைசியில் சொற்பொருள் அகராதி. அறுபது பக்கத்துக்குள் அகராதியைப் புரட்டிப் புரட்டிக் கை சலித்து வைத்துவிட்டார். அன்றைக்கு மூடிய கதவை இருபது வருடமாகத் திறக்கவேயில்லை.

அந்த நண்பர் கெட்ட புத்தகத்தைக் கொடுக்கவில்லை. அந்த வகையிலேயே தலைசிறந்தது எது என்று யோசித்துக் கொடுத்திருக்கிறார், சிக்கலும் அங்கேதான். ஒரு வகையின் உச்சத்தில் வைக்கப்படும் நூல் பெரும்பாலும் அந்த வகையை ஏற்கெனவே நிறையப் படித்தவரை மனதில் வைத்து எழுதப்பட்டிருக்கும். அதற்கு முன் வந்தவற்றோடு அது சண்டை போடும், அவற்றை மீறும், பழகியவருக்குத் தெரியும் என்று நினைத்துப் பலதை விளக்காமல் விடும். பழகியவருக்கு அதுவே பெரிய இன்பம். புதிதாக வருபவருக்கு அது புரியாத பேச்சு. 'கட்டாயம் படிக்க வேண்டியவை' என்ற பட்டியல்களைக் கையில் வைத்துக்கொண்டு புதிய வகைக்குள் நுழைகிறவர்கள் அடிபடுவது இதனால்தான்.

முதலில் வந்த நூலில் தொடங்குவதும் சில சமயம் இதே கதைதான். ஷெர்லாக் ஹோம்ஸ் அறிமுகமான நாவல் 1887ல் வந்தது. அதில் பாதி வழியில் ஹோம்ஸ் காணாமல் போய்விடுவார். அமெரிக்கப் பாலைவனத்தில் எப்போதோ நடந்த ஒரு பழைய கதை அத்தியாயம் அத்தியாயமாக ஓடும். துப்பறிவாளரைத் தேடி வந்த பன்னிரண்டு வயதுப் பிள்ளை அங்கேயே நின்றுவிடும். 1891ல் ஸ்ட்ராண்ட் இதழில் தொடங்கிய சிறுகதைகள்தான் ஹோம்ஸை உலகப் புகழ் பெறச் செய்தன. ஒரே உட்காரலில் ஒன்றைப் படித்து முடிக்கலாம். பிடிக்காவிட்டாலும் அரைமணி நேரம்தான் செலவு. ஒரு வகைக்குள் நுழைய அந்த அளவு போதும்.

சரி, அந்த வாசகரிடம் என்ன செய்தேன்? அறிவியல் புனைகதை என்ற பேச்சையே விட்டுவிட்டு, கடைசியாக அவர் ரசித்துப் படித்த துப்பறியும் கதையை ஒரு நிமிஷம் சொல்லச் சொன்னேன். கொலை எப்படி நடந்தது என்பதில் அவருக்கு அக்கறையே இல்லை. "ஒவ்வொண்ணா பார்த்தா எல்லாம் சரியா இருக்கு, ஆனா மொத்தமா பார்த்தா நடந்திருக்கவே முடியாதுன்னு தோணும் பாருங்க, அந்த இடம்!" என்றார். ஆக அவருக்கு வேண்டியது போலீசோ பிணமோ இல்லை, தர்க்கப் புதிர்.

ஐசக் அசிமோவின் ரோபோ கதைகள் 1950ல் ஒரே தொகுப்பாக வந்தன. ரோபோக்கள் மீற முடியாத மூன்று விதிகள் முதலிலேயே சொல்லப்படுகின்றன. விதி மீறப்படவில்லை, ஆனாலும் ரோபோ விபரீதமாக நடந்துகொள்கிறது, ஏன்? கதைக்குக் கதை இதுதான் கேள்வி. அதைக் கொடுத்தேன். கொண்டுபோனவர் அடுத்த வாரமே திரும்ப வந்தார். பிறகு அதே எழுத்தாளரின் 1954ம் ஆண்டு நாவலுக்குப் போனார். துப்பறியும் கதையும் அறிவியல் புனைவும் ஒட்டாது என்று பத்திரிகாசிரியர் ஜான் கேம்பல் சொன்னதை மறுத்துக் காட்டவே அசிமோவ் அதை எழுதினார். கொலை வழக்கை விசாரிக்கும் மனிதக் காவலருக்கு ஒரு ரோபோ கூட்டாளி. இப்படி இரண்டு வகைகளிலும் கால் வைத்திருக்கும் நூல்கள் எல்லா அலமாரியிலும் இருக்கின்றன. தெரிந்த கரையிலிருந்து தெரியாத கரைக்குப் போக அவற்றைவிட நல்ல பாலம் கிடையாது.

என்னை எரிச்சல்படுத்துவது இதுதான்: புதிதாக வரும் உதவியாளர்கள் "என்ன வகை பிடிக்கும்?" என்று கேட்கிறார்கள், வாசகர் சொல்வதை அப்படியே குறித்துக்கொள்கிறார்கள். 'அறிவியல் புனைவு வேண்டாம்', 'கவிதை வேண்டாம்', 'வரலாறு சலிப்பு.' அதோடு அந்த அலமாரிப் பக்கமே அவரைக் கூட்டிப் போவதில்லை. ஒரே ஒரு மோசமான அனுபவம் ஆயுள் தண்டனையாகிவிடுகிறது. வகை என்பது அலமாரியில் புத்தகம் அடுக்குவதற்கான வசதி. ஒருவருக்கு என்ன பிடிக்கும் என்பதைப் பற்றி அது சொல்வது மிகக் கொஞ்சம்.

அமெரிக்க நூலகர் நான்சி பேர்ல், புத்தகத்துக்குள் போக நான்கு வாசல்கள் உண்டு என்பார்: கதை, பாத்திரம், களம், மொழி. எந்த வாசல் என்று கண்டுபிடிக்கக் கஷ்டப்பட வேண்டாம். பிடித்த புத்தகத்தைப் பற்றிப் பேசவிட்டுக் காது கொடுத்தால் போதும். "அப்புறம் என்ன ஆச்சு தெரியுமா" என்று ஒருவர் ஆரம்பித்தால் அவருக்குக் கதை. "அந்தப் பொண்ணு இருக்காளே" என்றால் பாத்திரம். "அந்த ஊர்லயே இருந்த மாதிரி இருந்துச்சு" என்றால் களம். ஒரு வரியை மனப்பாடமாகச் சொல்லிக் காட்டினால் மொழி. பாத்திரத்துக்காகப் படிக்கிறவருக்கு நல்ல வாழ்க்கை வரலாறு நாவலைவிட நெருக்கமாக இருக்கலாம். களத்துக்காகப் படிக்கிறவருக்குப் பயண நூலும் மாயாஜாலக் கதையும் பக்கத்துப் பக்கத்து வீடு. ஐந்து வயதுக் குழந்தையிடமும் இதைக் கேட்கலாம், பாட்டியிடமும் கேட்கலாம்.

வயதை அட்டையில் தேடுவது

ஒரு சிறுமி படக்கதை ஒன்றை எடுத்து வந்து தரையில் உட்கார்ந்து புரட்டிக்கொண்டிருந்தாள். அப்பா வந்து, "இன்னுமா பொம்மைப் புத்தகம்? அஞ்சாவது படிக்கிற பொண்ணு!" என்று வாங்கி மேலே வைத்தார். அவள் எழுந்து அலமாரி முன்னால் நின்றாள். ஒவ்வொரு புத்தகத்தின் முதுகிலும் விரலை ஓட்டினாள், எதையும் எடுக்கவில்லை. கடைசியில் அப்பாவே தேர்ந்தெடுத்த ஒன்றை வாங்கிக்கொண்டு போனாள். திரும்பி வந்தபோது அந்தப் புத்தகம் பிரித்த அடையாளமே இல்லாமல் இருந்தது.

எத்தனை தரம் சொன்னாலும் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது: படம் இருப்பதால் ஒரு நூல் சின்னப் பிள்ளைகளுடையது ஆகிவிடாது. ஷான் டானின் 'தி அரைவல்' 2006ல் வந்தது. சொந்த மண்ணை விட்டுப் பிழைக்கப் போகும் மனிதனின் கதையை ஒரு சொல்கூட இல்லாமல் படங்களிலேயே சொல்கிறது. அதைப் பெரியவர்களும் நின்று நிதானித்துத்தான் பார்க்க வேண்டும். மறுபக்கம், 1726ல் வந்த கல்லிவரின் பயணங்கள் பெரியவர்களுக்காக எழுதப்பட்ட கடுமையான நையாண்டி. குள்ளர்கள் வருகிறார்களே என்று அது குழந்தைகள் அலமாரிக்குப் போய்விட்டது. பெரியவரான பிறகு அதன் முழு வடிவத்தைத் தேடிப் படிப்பவர்கள் குறைவு.

பிரிட்டனில் 2008ல் பதிப்பாளர்கள் சிறுவர் நூல்களின் அட்டையில் வயது அச்சிடத் திட்டமிட்டபோது, பிலிப் புல்மன் உட்படப் பல எழுத்தாளர்கள் எதிர்த்தார்கள். அவர்கள் பயம் நியாயமானது. மெதுவாகப் படிக்கும் பதினொரு வயதுப் பையன் '7+' என்று போட்ட புத்தகத்தை நண்பர்கள் முன்னால் கையில் எடுப்பானா?

வயது வேறு, வாசிப்பு நிலை வேறு, ஆர்வம் வேறு. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் என்ற சிறுவர் கதைத் தளத்தில் கதைகளை 1 முதல் 4 வரை நிலை பிரித்திருக்கிறார்கள். அந்த எண் மொழி எவ்வளவு எளிது என்பதைச் சொல்கிறது. இப்போதுதான் படிக்கக் கற்கும் பெரியவரும் அங்கே நிலை ஒன்றிலிருந்து தொடங்கலாம். இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது. எட்டு வயதில் தடங்கலில்லாமல் படிக்கிறாள் என்பதற்காகப் பெரியவர்கள் நாவலைத் திணிப்பார்கள். அவளால் வார்த்தைகளைப் படிக்க முடியும். மணமுறிவைப் பற்றிய நூறு பக்கம் அவளுக்கு எதற்கு?

விருதுப் பட்டியலைப் பிள்ளைகள் கையில் கொடுப்பது

சிறுவர் நூலுக்கான நியூபெரி பதக்கம் 1922 முதல் வழங்கப்படுகிறது. தேர்ந்தெடுப்பவர்கள் பெரியவர்கள்.

முடித்தே தீருவேன் என்று பிடிவாதம் பிடிப்பது

நான்சி பேர்லின் இன்னொரு யோசனை: ஐம்பது பக்கம் படியுங்கள், பிடிக்கவில்லையா, வைத்துவிடுங்கள். ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் நூறிலிருந்து தங்கள் வயதைக் கழித்து வரும் அத்தனை பக்கம் படித்தால் போதும். எழுபது வயதுக்காரருக்கு முப்பது பக்கம். பிள்ளைகளுக்கு நான் இந்தக் கணக்கும் வைப்பதில்லை. இரண்டு பக்கத்தில் வேண்டாம் என்றால் வேண்டாம். ஆனால் வைத்துவிடும்போது, "புத்தகம் மோசம்" என்று முத்திரை குத்தாமல் "இப்போ வேண்டாம்" என்று வையுங்கள்.

தொடர்கதையை நாவலாகப் படிப்பது

'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வாரா வாரம் வந்தது. அத்தியாய முடிவில் ஒரு முடிச்சு விழுவதும், முன்பு நடந்ததை அவ்வப்போது நினைவூட்டுவதும் அடுத்த வாரம் வரை காத்திருந்த வாசகருக்காக. 1836ல் மாத வெளியீடாகத் தொடங்கிய டிக்கன்ஸின் பிக்விக் கதைகளும் இப்படித்தான். பொன்னியின் செல்வனின் ஐந்து பாகத்தையும் விடுமுறையில் ஒரே மூச்சில் முடிக்கப் பார்த்து, "இழுக்குது" என்று பாதியில் விட்டவர்களிடம் நான் சொல்வது: தினம் இரண்டு அத்தியாயம், அதற்கு மேல் வேண்டாம்.

யார் மொழிபெயர்த்தது என்று பார்க்காதது

ஜூல் வெர்னின் கடலடிப் பயண நாவல் 1870களின் தொடக்கத்தில் ஆங்கிலத்துக்குப் போனபோது, ஏறக்குறைய கால்பங்கை மொழிபெயர்ப்பாளர் வெட்டிவிட்டார், அறிவியல் விவரங்களிலும் நிறையப் பிழை. வெகுகாலம் அந்தப் பதிப்பே புழக்கத்தில் இருந்தது. அதைப் படித்தவர்கள் குறையை வெர்ன் தலையில் போட்டார்கள். பிறமொழி இலக்கியம் வறட்சியாக இருக்கிறது என்று யாராவது சொன்னால், முதலில் அவர் கையிலுள்ள பதிப்பின் உள்பக்கத்தைத்தான் பார்ப்பேன். 'சுருக்கப்பட்டது' என்று சின்ன எழுத்தில் இருக்கும். சிலவற்றில் மொழிபெயர்ப்பாளர் பெயரே இருக்காது. வேறு மொழிபெயர்ப்பு இருந்தால் இரண்டின் முதல் பக்கத்தையும் அடுத்தடுத்துப் படித்துவிட்டு எடுங்கள்.

பரிசாகக் கொடுத்துவிட்டு "படிச்சியா?" என்று கேட்பது

கேட்காதீர்கள்.

ஒலிப்புத்தகத்தைக் கணக்கில் சேர்க்காதது

காதால் கேட்டாலும் அது படித்ததுதான்.

படித்ததைக் குறித்து வைக்காதது

ஒரு நோட்டு, ஒரு புத்தகத்துக்கு மூன்று வரி: பெயர், எந்த இடத்தில் கீழே வைக்க மனசு வரவில்லை, எந்த இடத்தில் தூக்கம் வந்தது. மதிப்பெண் போட வேண்டாம், விமர்சனமும் எழுத வேண்டாம். வகையும் எழுதாதீர்கள்.

இப்படி எழுதிவந்த ஓர் அம்மா ஒருநாள் நோட்டைக் கொண்டுவந்து காட்டினார். அவர் ரசித்தவற்றில் ஒரு பேய்க்கதை, ஒரு குடும்ப நாவல், ஒரு கொலை வழக்கு, பேரனுக்கு எடுத்துப்போய்த் தானே படித்த ஒரு சிறுவர் நூல் இருந்தன. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை என்றுதான் முதலில் தோன்றியது. அவரே கண்டுபிடித்தார்: "எல்லாம் ஒரே வீட்டுக்குள்ள நடக்குது பாருங்க. வெளியே போக முடியாம மாட்டிக்கிட்ட கதைதான் எனக்குப் பிடிக்குது போல." வரலாறு வேண்டவே வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். துருவப் பயணி ஷாக்கிள்டனின் எண்டூரன்ஸ் கப்பல் 1915ல் அண்டார்டிகா பனியில் சிக்கி, 28 பேர் மாதக்கணக்கில் அதிலேயே அடைபட்டுக் கிடந்த உண்மை வரலாற்றை எடுத்துக் கொடுத்தேன். அதை முடித்துவிட்டு, அந்த 28 பேரில் வேறு யாராவது எழுதியிருக்கிறார்களா என்று கேட்டு வந்தார்.