ஆர்டிஐ மனுக்கள் எங்கே சறுக்குகின்றன?

"எங்கள் தெருவுக்கு ஏன் இன்னும் சாலை போடவில்லை?" தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் (ஆர்டிஐ) இப்படிக் கேட்டால், "இது தகவல் என்ற வரையறைக்குள் வராது" என்று ஒரே வரியில் பதில் வந்துவிடும். 2005ஆம் ஆண்டுச் சட்டம் அலுவலகக் கோப்பில் ஏற்கெனவே இருப்பதைத்தான் தரச் சொல்கிறது. விளக்கமோ கருத்தோ எழுதித்தர அலுவலர் கடமைப்பட்டவர் அல்ல என்று உச்ச நீதிமன்றமும் 2011இல் சொல்லிவிட்டது.

ஆகவே ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். தெருவின் பெயர், "1.4.2023 முதல் 31.3.2025 வரை" என்று காலம், அதன்பின் சாலைப் பணியின் மதிப்பீடு, பணி ஆணை, எம்-புக் எனப்படும் அளவுப் புத்தகத்தின் உரிய பக்கங்கள், ஒப்பந்ததாரருக்குப் பணம் வழங்கிய பட்டியல். இவற்றில் எம்-புக்கை விட்டுவிடவே கூடாது. சாலையின் நீளம், அகலம், கனம் அதில் பதிவாகியிருக்கும். அளவு நாடாவோடு தெருவில் இறங்கினால் நீள அகலத்தை நீங்களே சரிபார்க்கலாம்.

கேட்கும் காரணத்தை எழுதாதீர்கள். 6(2) பிரிவின்படி தேவையில்லை. நான்கு பக்கக் குறைகளுக்கு நடுவே கேள்வியைப் புதைத்தால், மனு புகார் மனுவாக ஒதுக்கப்படும்.

பத்து ஆண்டுக் கோப்புகள் அனைத்தின் நகலையும் கேட்பதும் வீண்வேலை. கோப்பை நேரில் பார்வையிட அனுமதி கேளுங்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. பார்த்துக் குறித்துக்கொண்டு, வேண்டிய பக்கங்களுக்கு மட்டும் பக்கத்துக்கு 2 ரூபாய் கட்டி நகல் வாங்கலாம்.

கட்டணத்தில் பலர் தவறுகிறார்கள். தமிழக அரசு அலுவலகத்துக்கு மனுவில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். ரயில்வே, அஞ்சல், பாஸ்போர்ட் போன்ற மத்திய அரசு அலுவலகங்களில் அது செல்லாது. அங்கே 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர் வைக்கலாம். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளோருக்குக் கட்டணம் இல்லை, ஆனால் சான்று இணைக்க வேண்டும்.

தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டாலும் கவலை வேண்டாம். உரிய அலுவலகத்துக்கு 5 நாளில் மாற்றுவது அவர்கள் பொறுப்பு, பிரிவு 6(3).

பெரிய இழப்பு நாள் கணக்கில்தான் நேர்கிறது. 30 நாளில் பதில் வராவிட்டால் நினைவூட்டல் கடிதம் போட்டுக் காத்திருக்கிறார்கள். அதற்குள் மேல்முறையீட்டுக் கெடு முடிந்துவிடுகிறது. மனு ஜூன் 2 அன்று அலுவலகத்துக்குக் கிடைத்தால், பதிலுக்குக் கடைசி நாள் ஜூலை 2. பதிலே வராவிட்டால் முதல் மேல்முறையீடு ஆகஸ்ட் 1க்குள் போக வேண்டும். அது தகவல் ஆணையத்துக்கு அல்ல, மனுவுக்குப் பதில் தர வேண்டிய பொதுத் தகவல் அலுவலருக்கு மேல்நிலையில் உள்ள மேல்முறையீட்டு அலுவலருக்கு. அதில் புதுக் கேள்வி சேர்க்காதீர்கள். பழைய கேள்விக்குப் பதில் வரவில்லை என்பதை மட்டும் எழுதுங்கள். கெடு தாண்டியபின் தகவல் தந்தால் நகலுக்குக் கட்டணம் கேட்க முடியாது என்பதையும் சேர்த்துக் குறிப்பிடலாம்.

அங்கும் பலனில்லை என்றால் 90 நாளுக்குள் ஆணையத்தில் 19(3) பிரிவின் கீழ் இரண்டாம் மேல்முறையீடு. பலர் கோபத்தில் பிரிவு 18 புகாரை மட்டும் அனுப்புகிறார்கள். புகாரில் ஆணையம் அலுவலருக்கு அபராதம் விதிக்கலாமே தவிர, தகவலைத் தர உத்தரவிட முடியாது என்பது மணிப்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011இல் தந்த தீர்ப்பு. இரண்டாம் மேல்முறையீட்டிலேயே தகவலையும் கேட்டு, பிரிவு 20இன்படி நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் அபராதத்தையும் கோரலாம். முதல் மனு, தபால் ரசீது, ஒப்புகை, முதல் மேல்முறையீடு ஆகியவற்றின் நகல்களை அதனுடன் இணைத்து அனுப்புங்கள்.