கொடிநாள் வசூல்: கொடி வாங்குவதிலிருந்து ரசீது ஒட்டுவது வரை

டிசம்பர் 7 அன்று சட்டையில் குத்திவிடும் சின்னக் கொடியில் மூன்று நிறங்கள் இருக்கும். சிவப்பு தரைப்படைக்கு, கருநீலம் கடற்படைக்கு, வெளிர்நீலம் விமானப்படைக்கு. 1949 ஆகஸ்ட் 28 அன்று பாதுகாப்பு அமைச்சரின் கீழ் அமைந்த குழு இந்த நாளைக் கொடிநாளாகக் குறித்தது. போரில் உயிர்நீத்தவர்களின் குடும்பங்கள், ஊனமுற்ற வீரர்கள், முன்னாள் படைவீரர்கள், அவர்களைச் சார்ந்தோர் ஆகியோருக்குத்தான் கொடி கொடுத்துத் திரட்டும் இந்த நிதி. அடுக்குமாடிக் குடியிருப்பு, கல்லூரி, வணிகர் சங்கம் என யார் வேண்டுமானாலும் வசூலித்துக் கொடுக்கலாம். கேட்டால் மக்கள் கொடுத்துவிடுவார்கள், அதில் சிரமமில்லை. கொடுத்த பணத்துக்குக் கணக்குக் காட்டுவதில்தான் பலர் சறுக்குகிறார்கள்.

முதலில் யாருக்கு வசூலிக்கிறோம் என்பதில் தெளிவு வேண்டும். ஊர்ப்பேச்சில் எல்லாரும் ‘பட்டாளத்துக்காரர்’தான். ஆனால் சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப். போன்ற துணை ராணுவப் படைகள் உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருபவை. 2019 பிப்ரவரி 14 அன்று புல்வாமாவில் இறந்த 40 பேரும் சி.ஆர்.பி.எஃப். வீரர்கள். அப்படிப்பட்டவர்களின் குடும்பங்களுக்காக 2017இல் தொடங்கப்பட்டது ‘பாரத் கே வீர்’ இணையதளம். அதில் ஒரு வீரரின் குடும்பத்துக்கு 15 லட்சம் ரூபாய் என்று உச்சவரம்பு உண்டு. கொடிநாள் நிதி முப்படைகளுக்கானது. துண்டறிக்கையில் சி.ஆர்.பி.எஃப். வீரரின் படத்தைப் போட்டுவிட்டுக் கொடிநாளுக்குப் பணம் கேட்டால், விவரம் தெரிந்த ஒருவர் கேட்கும் முதல் கேள்வியிலேயே வசூல் நின்றுவிடும்.

கொடிநாள் நிதி பொது நிதி. ‘நம்ம ஊர் ஹவில்தார் குடும்பத்துக்குப் போகும்’ என்று வாக்குக் கொடுத்து உண்டியல் நீட்டக் கூடாது, அது பொய். இந்தப் பணம் என்ன செய்கிறது என்று சொன்னாலே போதும். ஹவில்தார் நிலை வரையிலான, ஓய்வூதியம் இல்லாத, 65 வயது கடந்த முன்னாள் படைவீரர்களுக்கும், அத்தகையோரை இழந்த கைம்பெண்களுக்கும் மாதந்தோறும் வறுமை உதவித்தொகை உண்டு. பிள்ளைகளின் படிப்புக்கும் மகள் திருமணத்துக்கும் தனி உதவி. 2025 அக்டோபரில் இவை இரட்டிப்பாக்கப்பட்டன: வறுமை உதவி 4,000இலிருந்து 8,000 ரூபாய், படிப்பு உதவி மாதம் 1,000இலிருந்து 2,000, திருமண உதவி 50,000இலிருந்து ஒரு லட்சம். வாசலில் நிற்கும்போது இதில் ஒரு வரியைச் சொல்லுங்கள். ‘தேசத்துக்காக’ என்று அரைமணி நேரம் பேசுவதைவிட அது வேலை செய்யும்.

நவம்பர் முதல் வாரத்திலேயே மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு ஒரு கடிதத்தோடு போங்கள். சங்கத்தின் பெயர், வசூலிக்கும் இடம், நாள், பொறுப்பாளர் இருவரின் பெயர் கடிதத்தில் இருக்கட்டும். சிறுகொடி, வாகனக் கொடி இரண்டையும் அங்கேயே கேட்டு வாங்க வேண்டும். சொந்தமாக அச்சடிக்க வேண்டாம். மூவர்ண தேசியக்கொடியை அச்சடித்து விற்பது இன்னும் தவறு. மறுநாள் அது குப்பையில் கிடக்கும்போது வேறு வம்பு வரும். 200 வீடுகள் உள்ள குடியிருப்பு என்றால் 250 சிறுகொடிகளும் 80 வாகனக் கொடிகளும் தாராளம். எண்ணி வாங்குங்கள், எண்ணிக்கையை எழுதிக் கையெழுத்திடுங்கள், மிஞ்சியதை எண்ணித் திருப்பிக் கொடுங்கள்.

டிசம்பர் 7 அன்றே வசூலித்தாக வேண்டும் என்று இல்லை. பள்ளி என்றால் அந்த நேரம் அரையாண்டுத் தேர்வு நெருங்கியிருக்கும், நவம்பர் கடைசி வாரம் நல்லது. பேருந்து நிலையம், ரயில் நிலையம் பக்கம் பாபர் மசூதி இடிக்கப்பட்ட நாளான டிசம்பர் 6ஐ ஒட்டிப் பாதுகாப்புக் கெடுபிடி இருக்கும், பெட்டியோடு நிற்கவிட மாட்டார்கள். மற்ற நாட்களிலும் அங்கே நிற்க நிலைய அதிகாரியிடமும் காவல் நிலையத்திலும் எழுத்தில் அனுமதி வேண்டும். குடியிருப்புக்கு ஞாயிறு காலை 9 முதல் 12 வரை பொருத்தம். மதியத்துக்கு மேல் யாரும் கதவைத் திறப்பதில்லை. வடகிழக்குப் பருவமழைக் காலம் என்பதையும் மறக்க வேண்டாம். காகிதக் கொடி நனைந்தால் சாயம் சட்டையில் இறங்கும், பிறகு கொடுத்தவரின் கோபத்துக்குப் பதில் சொல்ல முடியாது. பிளாஸ்டிக் உறையில் வையுங்கள்.

40 வீடுகளுக்கு இரண்டு பேர் கணக்கு. ஒருவர் தனியாகப் பெட்டி தூக்கக் கூடாது, அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும். பெட்டி தகரத்தில் இருக்கட்டும், மூடி சீல் வைக்கப்பட்டிருக்கட்டும், எண் எழுதப்பட்டிருக்கட்டும். 50 தாள் கொண்ட நகல் ரசீதுப் புத்தகம் ஜோடிக்கு ஒன்று. 100 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் ரசீது, அதற்குக் கீழே கொடி மட்டும் என்று வைத்துக்கொண்டால் வேலை ஓடும். பத்து ரூபாய் நாணயத்தைத் தயங்கித் தயங்கி நீட்டுவார்கள். அது செல்லும், வாங்குங்கள்.

வரிவிலக்கு விஷயத்தில்தான் பெரும்பாலான சங்கங்கள் தடுக்கி விழுகின்றன. எல்லாப் பணத்தையும் சங்கக் கணக்கில் போட்டு ஒரே காசோலையாகக் கொடுத்தால், நிதியின் ரசீது சங்கத்தின் பெயரில்தான் வரும். ஐயாயிரம் கொடுத்தவர் மார்ச் மாதம் வந்து வருமான வரிவிலக்குக்கான ரசீது கேட்பார், உங்களிடம் இருக்காது. ஆகவே பெரிய தொகை கொடுப்பவர்களை முதலிலேயே பிரித்துவிடுங்கள். அவர்கள் கொடிநாள் நிதியின் பெயருக்கே காசோலை எழுதட்டும், அல்லது கேந்திரிய சைனிக் போர்டின் (முன்னாள் படைவீரர் நலனுக்கான மத்திய வாரியம்) இணையதளம் வழியாக நேரே செலுத்தட்டும். பெயர், முகவரி, பான் எண் மூன்றும் ரசீதில் வர வேண்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் விலக்கு கிடைக்காது. புதிய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தவருக்கும் இந்த விலக்கு இல்லை. வெளிநாட்டில் வேலை பார்க்கும் இந்தியக் குடிமகன் வங்கி வழியாக அனுப்புவதில் சிக்கல் இல்லை. குடியுரிமை மாறியவர் என்றால் அது வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துக்குள் போய்விடும். உங்கள் சங்கக் கணக்கில் அதை வாங்கவே வாங்காதீர்கள்.

க்யூ.ஆர். அட்டை வைப்பதானால் சங்கத்தின் வங்கிக் கணக்குக்கு மட்டும். செயலாளரின் சொந்த எண் வேண்டாம். வாசலில் ஒட்டிய அட்டையின் மேல் யாராவது வேறு ஒன்றை ஒட்டிவிட்டுப் போவது நடக்கிறது. காலையில் ஒருமுறை, மதியம் ஒருமுறை பத்து ரூபாய் அனுப்பிச் சோதியுங்கள். கொடுப்பவரிடமும் ரகசிய எண்ணைப் (PIN) போடும் முன் திரையில் வரும் பெயரைப் படிக்கச் சொல்லுங்கள். ஸ்கிரீன்ஷாட் காட்டினால் ரசீது எழுதிவிடாமல் வங்கிச் செய்தி வரும்வரை காத்திருங்கள்.

அன்றே, அதே இடத்தில், மூன்று பேர் முன்னிலையில் பெட்டியைத் திறந்து எண்ண வேண்டும். 500, 200, 100, 50, 20, 10, நாணயம் என்று வகைவாரியாக எழுதி மூவரும் கையெழுத்திடுங்கள். ‘ரொக்கத்தை நான் எடுத்துக்கொண்டு ஜிபேயில் போட்டுவிடுகிறேன்’ என்று ஒருவர் கட்டாயம் கிளம்புவார். கெட்ட எண்ணம் இருக்காது, ஆனால் பெட்டிக் கணக்கும் வங்கிக் கணக்கும் அதோடு பொருந்தாமல் போகும். மறு வேலைநாளில் வங்கியில் கட்டிவிடுங்கள். தேநீர், பேனர், ஆட்டோ செலவை வசூலில் கழிக்கவே கூடாது. யாராவது இரண்டு பேர் தனியாக ஏற்கட்டும்.

அஞ்சலி நிகழ்ச்சி வைப்பதென்றால் இருபது நிமிடம் போதும். மலர்வளையம், பெயர் வாசிப்பு, இரண்டு நிமிட மௌனம், அவ்வளவுதான். என்.சி.சி. மாணவர்கள் இருந்தால் பியூகிள் (ராணுவ ஊதுகொம்பு) வாசிக்கச் சொல்லலாம். பெயரோடு பதவி, படைப்பிரிவு, இறந்த நாள், இடம் நான்கையும் குடும்பத்தாரிடம் எழுதி வாங்கிச் சரிபாருங்கள். நாயக் பதவியில் இருந்தவரை அதற்கு ஒருபடி கீழான லான்ஸ் நாயக் என்று வாசித்தால் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தாய்க்கு அது சின்னத் தப்பு இல்லை. படம் பயன்படுத்தவும் குடும்பத்தின் ஒப்புதல் வேண்டும். குடும்பத்தாருக்கு முன்வரிசை நாற்காலிகள், தலைவர்களுக்கு அதற்குப் பின்னால். வீரரின் மனைவியை மேடையில் நிறுத்தி, ஆளுயர அட்டைக் காசோலையைப் பிடிக்க வைத்துப் படம் எடுக்கும் பழக்கம் ஒழிய வேண்டும். பேசச் சொல்லி வற்புறுத்தவும் கூடாது.

குறிப்பிட்ட ஒரு குடும்பத்துக்கே உதவ விரும்பினால், அதைக் கொடிநாளோடு கலக்காமல் தனிக் கணக்காக வையுங்கள். செய்தி சூடாக இருக்கும் முதல் வாரத்தில் ஊரே கொடுக்கும். மனைவிக்கா, பெற்றோருக்கா என்ற கேள்வி அப்போதுதான் வீட்டுக்குள் புகைந்துகொண்டிருக்கும். மாவட்ட நல அலுவலகத்தில் விசாரித்துவிட்டு, இரு தரப்பிடமும் பேசி, யாருக்கு எவ்வளவு என்பதை எழுதிக்கொண்டு, கோடிட்ட காசோலையாகவே கொடுங்கள். ஆறு மாதம் கழித்துக் கொடுத்தாலும் பாதகமில்லை. அப்போது விசாரிக்க யாரும் வருவதில்லை என்பதால் அந்தப் பணம் இன்னும் உதவும். பல வீடுகளில் பணத்தைவிட ஆள்தான் தேவைப்படுகிறது. ஆதாரில் ஒரு பெயர், படை ஆவணத்தில் வேறு எழுத்து என்று ஓய்வூதியம் நின்றுபோயிருக்கும். விண்ணப்பம் எழுதவும் அலுவலகத்துக்குக் கூட்டிப்போகவும் ஒருவரைப் பொறுப்பாக்குங்கள்.

வசூலை ஒப்படைத்து வாங்கிய ரசீதின் நகலைக் கணக்குத் தாளோடு அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். மொத்த வசூல், நேரடியாகச் செலுத்தியோர் எண்ணிக்கை, வாங்கிய கொடி, திருப்பிய கொடி, இவ்வளவு இருந்தால் போதும். கொடுத்தவர்களின் பெயர்களையும் தொகையையும் போட வேண்டாம், ஐம்பது ரூபாய் கொடுத்தவர் அடுத்த ஆண்டு கதவைத் திறக்க மாட்டார். ரசீதுப் புத்தக அடிக்கட்டைகளும் எண்ணிக்கைத் தாளும் ஒரே உறையில் அடுத்த பொறுப்பாளர் கைக்குப் போகட்டும்.