முன்னோட்ட விண்டோஸ் காலாவதியாகும்போது செய்யக் கூடாதவை

போன வருஷம் சித்தப்பா ஃபோன் செய்தார். "டேய், பொட்டி தானா ஆஃப் ஆகி ஆஃப் ஆகி வருதுடா. கடைப் பையன் எஸ்எம்பிஎஸ் போச்சுன்னு புதுசு மாத்திக் குடுத்தான். அப்பவும் அதே கதைதான்." எஸ்எம்பிஎஸ் என்றால் கணினிக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி. நேரில் போய்ப் பார்த்தேன். திரையின் வலது கீழ் மூலையில், கடிகாரத்துக்குச் சற்று மேலே, மங்கலான எழுத்தில் 'இவாலுவேஷன் காப்பி' (சோதனைப் பிரதி) என்றும் ஒரு பில்ட் எண்ணும், அதாவது விண்டோஸின் எந்த வெளியீடு என்று காட்டும் எண்ணும், இருந்தன. மாதக்கணக்காக அது அங்கேயேதான் இருந்திருக்கிறது. "ஏதோ டிசைன்னு நெனச்சேன்" என்றார்.

அவர் மகன் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போகும் முன், புது விண்டோஸை ஊருக்கு முந்திப் பார்த்துவிடும் ஆசையில், வீட்டுக் கணினியை, சோதனைப் பதிப்புகளை முன்கூட்டியே தரும் மைக்ரோசாஃப்ட்டின் இன்சைடர் திட்டத்தில், அதன் பிரிவுகளில் ஒன்றான டெவ் சேனலில் சேர்த்துவிட்டிருக்கிறான். அப்படி வரும் சோதனைப் பதிப்புகளில் ஒரு கடைசித் தேதி பதிந்தே வரும். குறையோடு இருக்கும் பழைய பதிப்பிலேயே யாரும் தங்கிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. புது பில்ட் ஏறினால் தேதி தள்ளிப்போகும், பஸ் பாஸைப் புதுப்பிப்பது போல. ஒழுங்காக அப்டேட் செய்பவருக்கு இப்படி ஒரு தேதி இருப்பதே தெரியாது. விட்டுவிட்டால் முதலில் எச்சரிக்கை வரும், பிறகு சில மணி நேரத்துக்கு ஒருமுறை கணினி தானே ரீஸ்டார்ட் ஆகும், கடைசியில் பூட் ஆகாது, அதாவது விண்டோஸே திறக்காது. இது பழைய வழக்கம்தான். 2009 மே மாதம் வந்த விண்டோஸ் 7 ரிலீஸ் கேண்டிடேட் (இறுதிப் பதிப்புக்கு முந்தைய சோதனைப் பதிப்பு), 2010 மார்ச் 1 முதல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தானாக அணைந்தது. ஜூன் 1-ஆம் தேதியோடு அதன் ஆயுள் முடிந்தது.

ஆக, முதல் தவறு ஸ்க்ரூடிரைவரைத் தேடுவது. எஸ்எம்பிஎஸ், ரேம், வைரஸ் என்று எதன் மேல் பழி போடுவதற்கும் முன்னால் விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, வின்வெர் (winver) என்று ஆங்கிலத்தில் ஆறு எழுத்தையும் இடைவெளியில்லாமல் அடித்து என்டர் தட்டுங்கள். சின்னதாக ஒரு பெட்டி திறக்கும். சோதனைப் பதிப்பாக இருந்தால் காலாவதித் தேதியும் நேரமும் அதிலேயே எழுதியிருக்கும். சித்தப்பா பெட்டியில் அந்தத் தேதி கடந்து நாலு நாள் ஆகியிருந்தது.

'எக்ஸ்பைர்' என்ற சொல்லைப் பார்த்ததும் லைசென்ஸ் தீர்ந்துவிட்டது என்று நினைத்து, ஆன்லைனில் மலிவு விலைக்கு கீ வாங்குபவர்கள் உண்டு. லைசென்ஸைச் சரிபார்க்கும் ஆக்டிவேஷன் வேறு, இந்தத் தேதி வேறு. முழுக்க ஆக்டிவேட் ஆன கணினியிலும் சோதனை பில்ட் அதே நாளில்தான் காலாவதியாகும். பயாஸில் (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் கணினியின் அடிப்படை அமைப்புகள்) தேதியைப் பின்னால் தள்ளி வைக்கச் சொல்லும் வீடியோக்களும் சுற்றுகின்றன. தேதி தப்பாக இருந்தால் இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் ஒத்துப்போகாது. பேங்க் சைட் திறக்காது, அப்டேட் இறங்காது. உங்களைக் காப்பாற்றக்கூடியதே அந்த அப்டேட்தான்.

நான் அதிகம் பார்ப்பது வேறொரு தவறு. சோதனைப் பதிப்பே வேண்டாம் என்று முடிவெடுத்து, செட்டிங்ஸில் இன்சைடர் பக்கம் போய் வெளியேறிவிட்டு, வேலை முடிந்தது என்று நிம்மதியாக இருந்துவிடுவது. திட்டத்தை விட்டு வெளியே வந்தாலும் கணினியில் இருப்பது அதே சோதனை பில்ட்தான். இனிமேல் புது பில்ட் வராது, ஆகவே தேதியும் தள்ளிப்போகாது. சும்மா இருந்திருந்தாலாவது அடுத்த பில்ட் வந்து ஆயுள் நீண்டிருக்கும். பீட்டா, ரிலீஸ் ப்ரிவ்யூ சேனல்களில், அடுத்த நிலையான பதிப்பு வெளியாகும்போது தானாக விலகிக்கொள்ளும் வசதி இருக்கிறது. டெவ், கேனரி சேனல்களில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் சுத்தமாக அழித்துத் திரும்பப் போடுவதுதான் வழி. உங்களிடம் இருக்கும் பில்ட் நிலையான பதிப்பைவிட மேலே போய்விட்டதால், நிலையான பதிப்பின் ஐஎஸ்ஓவை (விண்டோஸ் நிறுவும் ஃபைல்) ஓட்டினாலும் ஃபைல், ஆப் எதையும் வைத்துக்கொள்ள விடாது.

பழைய விண்டோஸுக்கே திரும்பும் 'கோ பேக்' பட்டனை நம்பியிருந்தால், அதற்கு வழக்கமான கெடு பத்தே நாள். சி டிரைவில் இடம் போதவில்லை என்று பழைய விண்டோஸ் ஃபோல்டரை அழித்துவிட்டால் அந்தப் பத்து நாளும் கிடையாது.

சித்தப்பா வீட்டில் பில்ட் ஏன் இறங்கவில்லை என்பதும் தெரிந்தது. இணையம் அவர் ஃபோன் ஹாட்ஸ்பாட்டில் ஓடுகிறது. ஒரு நாளைக்கு 1.5 ஜிபி. அப்டேட் டேட்டாவைக் குடித்துவிடும் என்று பையன் 'மீட்டர்டு கனெக்‌ஷன்' போட்டு வைத்துவிட்டான். அது போட்டிருந்தால் பெரிய அப்டேட்கள் தானாக இறங்காது. நல்ல எண்ணம்தான், ஆனால் ஒரு பில்ட் இறங்கவே பல ஜிபி வேண்டும். இந்த நிலைமையில் இருக்கும் வீட்டுக்கு இன்சைடர் திட்டம் தோதுப்படாது என்பது என் கருத்து.

கணினி இன்னும் பூட் ஆகிறதென்றால் அவசரப்பட்டு "ஃபார்மேட் போட்டுடலாம்ணே" என்பவரிடம் கொடுத்துவிடாதீர்கள். நான் அன்று செய்தது இதுதான்: மீட்டர்டை எடுத்துவிட்டு, என் ஃபோன் டேட்டாவில் புது பில்டை இறக்கினேன். நடுவில் ஒருமுறை ரீஸ்டார்ட் ஆனது, பொறுத்துக்கொண்டேன். தேதி தள்ளிப்போனது, ரீஸ்டார்ட் தொல்லை நின்றது. நிதானமாக பேக்கப் எடுக்க அவகாசம் கிடைத்தது. டெஸ்க்டாப்பில் இருப்பதும் சி டிரைவில்தான் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. தங்கச்சி கல்யாண ஃபோட்டோ மொத்தமும் அவர் டெஸ்க்டாப்பில் ஒரே ஃபோல்டரில் கிடந்தது. ஃபார்மேட் போட்டிருந்தால் அத்தனையும் போயிருக்கும்.

பூட் ஆகாத நிலைக்குப் போய்விட்டால், விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் உபுண்டு என்ற இலவச இயங்குதளத்தைப் பென்டிரைவில் போட்டு, அதிலிருந்து பூட் செய்து ஃபைல்களை வெளியே எடுக்கலாம். டிஸ்க் பிட்லாக்கரால் (விண்டோஸின் டிஸ்க் குறியாக்க வசதி) பூட்டப்பட்டிருந்தால் மட்டும் 48 இலக்க ரெக்கவரி கீ இல்லாமல் ஒன்றும் நடக்காது. பெரும்பாலும் அது மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அந்தக் கணக்கு யாருடையது, பாஸ்வேர்டு என்ன என்பதைக் கணினி ஓடும்போதே கேட்டு வையுங்கள். இங்கே கணக்கு பையனுடையது, ஹாஸ்டலில் அவன் ஃபோனை எடுக்க ராத்திரி ஒன்பதரை ஆனது.

விண்டோஸை மறுபடி போட 8 ஜிபி பென்டிரைவ் ஒன்று போதும். மைக்ரோசாஃப்ட்டின் மீடியா கிரியேஷன் டூலை வேறொரு கணினியில் ஓட்டித் தயார் செய்துகொள்ளலாம். இடையில் ப்ராடக்ட் கீ கேட்கும். முன்பே முறையாக ஆக்டிவேட் ஆன கணினி என்றால் 'என்னிடம் கீ இல்லை' என்பதை அழுத்தித் தாண்டிவிடுங்கள். ஹோம் இருந்த இடத்தில் ஹோம், ப்ரோ இருந்த இடத்தில் ப்ரோ என்று அதே வகையைத் தேர்ந்தெடுத்தால், இணையம் கிடைத்ததும் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். சித்தப்பாவுடையது ஹோம். கழற்றிப்போட்ட பழைய எஸ்எம்பிஎஸ்ஸையும் மாட்டிப் பார்த்தோம், நன்றாகவே ஓடியது.