அந்தத் தள்ளுபடி யார் கைக்காசு?

போன மாதம் உடுமலைப்பேட்டையிலிருந்து சித்தப்பா கூப்பிட்டார். "அம்மிணி, என்ற நம்பருக்கு ஒரு ஆஃபர் வந்திருக்குது. பழைய போனைக் குடுத்து 2,999 கட்டுனா, 21,999 ரூவா போன் வூட்டுக்கே வந்துருமாமா. பத்து வருசமா ஒரே நம்பர் வெச்சிருக்கறதால எனக்கு மட்டுமாமா. சாயங்காலம் ஆறு மணிக்குள்ள 299 கட்டிப் புக் பண்ணோணும்ங்கறாங்க. கட்டிரட்டுமா?"

நான் கோவை காந்திபுரத்தில் ஒரு செல்போன் கடையில் 2014 முதல் ஒன்பது வருடம் பில் போடும் கவுன்டரில் உட்கார்ந்தவள். அதனால் எங்கள் சொந்தத்தில் யார் போன் வாங்கினாலும் எனக்கு ஒரு அழைப்பு வந்துவிடும். கேமரா எப்படி, பேட்டரி எப்படி என்று நான் கேட்பதில்லை. சித்தப்பாவிடமும் ஒன்றைத்தான் கேட்டேன்.

"மீதி 19,000 ரூபாயை யாருங்க சித்தப்பா குடுக்கறாங்க?"

அவர் யோசித்தார். "கம்பெனிதான் குடுக்கும்."

"எந்தக் கம்பெனிங்க? போன் கம்பெனியா, சிம் கம்பெனியா?"

பதில் இல்லை. அவருடைய பழைய போனுக்கு நான்கு வயது, மூலையில் கீறல் விட்ட திரை. எந்தக் கடையில் போட்டாலும் ஆயிரம், ஆயிரத்து இருநூறுக்கு மேல் தேறாது. ஆக, கிட்டத்தட்ட பதினெட்டாயிரம் ரூபாயை முகம் தெரியாத ஒருவர் தன் கைக்காசைப் போட்டு இவருக்குத் தர வேண்டும். ஏன் தர வேண்டும்?

போன் ஆஃபர் எதை எடுத்தாலும் இந்தக் கேள்வியில் தொடங்குங்கள். தள்ளுபடி என்றால் அதை யாரோ ஒருவர் சுமக்கிறார் என்று அர்த்தம். கடைக்காரர் பெரிதாகச் சுமக்க முடியாது. போனில் அவருக்கு நிற்கும் லாபம் ரொம்பக் கொஞ்சம். எங்கள் கடையின் வாடகையும் சம்பளமும் பெரும்பாலும் கவரிலும் டெம்பர்ட் கிளாஸிலும்தான் ஓடின. அப்படியானால் நிஜமான தள்ளுபடி எங்கிருந்து வரும்? புது மாடல் வரப்போகும்போது பழைய மாடலைக் காலி செய்ய போன் கம்பெனி விலையைக் குறைக்கும். தன் கார்டைப் பழக்க வங்கி ஓர் ஆயிரம், ஆயிரத்து ஐநூறு தரும். பழைய போனைச் சரிசெய்து விற்கிறவர் எக்ஸ்சேஞ்சில் ஒரு தொகை கொடுப்பார். தவணைக்கு விடும் நிதி நிறுவனம் இப்போது கொஞ்சம் கழித்துவிட்டு, அதை வட்டியில் எடுத்துக்கொள்ளும். ஆடியிலும் தீபாவளிக்கு முன்னும் இவை நாலும் ஒன்றாகச் சேரும்போது நிஜமாகவே நல்ல விலை அமையும். அதை நம்பலாம். பில்லில் ஒவ்வொரு கழிவும் தனித்தனியாக எழுதியிருக்கும், எது யார் கொடுத்தது என்று விரல் வைத்துக் காட்டலாம்.

விரல் வைத்துக் காட்ட முடியாத தள்ளுபடி எப்படி இருக்கும் என்பதை 2016 பிப்ரவரியில் நாடே பார்த்தது. ஃப்ரீடம் 251 என்று ஒரு போன். விலை 251 ரூபாய். முன்பதிவு செய்யக் கூட்டம் குவிந்து அவர்களுடைய வலைத்தளமே படுத்துவிட்டது. காட்டிய மாதிரி போனில் ஆட்காம் என்ற வேறொரு கம்பெனியின் பெயரை வெள்ளை மை தடவி மறைத்திருந்தார்கள் என்பது செய்தியில் வந்தது. அந்த வாரம் முழுக்க எங்கள் கவுன்டரில் ஒரே சண்டை. "அவங்க 251க்குத் தர்றாங்க, நீங்க ஏன் 6,000 வாங்கறீங்க?" என்று கேட்டார்கள். அந்தத் திரையும் பேட்டரியும் மட்டும் தனித்தனியாக என்ன விலை என்று உள்ளே இருந்த சர்வீஸ் தம்பியிடம் கேட்டுச் சொன்னால் கோபித்துக்கொண்டு போனார்கள். மறு வருடம் அந்தக் கம்பெனியின் இயக்குநரைக் காவல்துறை கைது செய்தது.

சரி, சித்தப்பா விஷயத்துக்கு வருவோம். அழைப்பு எந்த எண்ணிலிருந்து வந்தது என்று கேட்டேன். சாதாரணப் பத்து இலக்க மொபைல் எண். விளம்பர அழைப்புகளுக்கென்று 140 என்று தொடங்கும் வரிசையைத் தொலைத்தொடர்புத் துறை ஒதுக்கியிருக்கிறது. வங்கி, நிதி நிறுவனங்களின் சேவை அழைப்புக்கு 1600 வரிசை. யாரோ ஒருவர் சொந்த மொபைலிலிருந்து கூப்பிட்டு ஆஃபர் தருகிறார் என்றாலே பாதிக் கதை முடிந்தது. மீதிப் பாதி, ஆறு மணிக் கெடு. நிஜ ஆஃபருக்கும் கடைசித் தேதி உண்டு, ஆனால் அது போஸ்டரில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி அச்சடித்திருக்கும். சித்தப்பாவுக்கு மட்டும் தனியாகச் சாயங்காலம் முடியாது.

299 ரூபாய் போனால் போகட்டும் என்றுதான் அவரும் நினைத்தார். ஆனால் அவர் இன்னொன்றையும் சொன்னார், எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "புதுப் போனு 5ஜியாமா, சிம்மையும் மாத்தோணுமாமா. ஒரு மெசேஜ் அனுப்புவாங்களாம், அதை அப்படியே அவங்க சொல்ற நம்பருக்குத் தட்டி உட்டாப் போதுமாமா."

இங்கேதான் கவனிக்க வேண்டும். அவர்கள் குறி வைத்தது போனையோ 299 ரூபாயையோ அல்ல, சிம்மை. அவர்கள் கையில் இருக்கும் வெற்று சிம்மின் எண்ணை உங்கள் போனிலிருந்தே அனுப்ப வைப்பார்கள். நீங்களே சிம் மாற்றக் கேட்டதாக ஆகிவிடும். கொஞ்ச நேரத்தில் உங்கள் போனில் டவர் போகும், உங்கள் எண் அவர்களிடம் உயிர் பெறும். அப்புறம் வங்கியின் ஓடிபி எல்லாம் அங்கேதான் போய் விழும். *401* என்று தொடங்கி ஓர் எண்ணைப் போட்டு டயல் செய்யச் சொல்வதும் இதே வேலைதான், உங்களுக்கு வரும் அழைப்புகளைத் தங்கள் பக்கம் திருப்பிக்கொள்வார்கள். இந்தியாவில் 5ஜி தொடங்கியது 2022 அக்டோபர் 1. அப்போதே ஜியோவும் ஏர்டெல்லும் இருக்கிற 4ஜி சிம்மே போதும் என்று சொல்லிவிட்டன. சிம் மாற்ற வேண்டிய அவசியம் நிஜமாகவே வந்தால் ஆதாரை எடுத்துக்கொண்டு கடைக்கு நடந்து போங்கள். காரணமே இல்லாமல் டவர் போய் அரை மணி நேரம் வராவிட்டால் பக்கத்து வீட்டுப் போனிலிருந்து முதலில் வங்கியைக் கூப்பிடுங்கள், பிறகு சிம் கம்பெனியை.

சித்தப்பாவுக்குப் பணத்தைவிட வேறு பயம். தென்னந்தோப்பில் ஆழ்குழாய் மோட்டாருக்குச் செல்போன் ஸ்டார்ட்டர் வைத்திருக்கிறார். அவர் எண்ணிலிருந்து கூப்பிட்டால்தான் மோட்டார் ஓடும். "சிம் போச்சுன்னா தண்ணி எப்படி உடறது?" என்றார். அந்தக் கவலைதான் அவரை நிறுத்தியது, என் அறிவுரை அல்ல.

இது திருட்டு ஆஃபர். திருட்டும் இல்லை, முழு உண்மையும் இல்லை என்கிற ரகம்தான் கடையில் அதிகம். அதை நான் உள்ளேயிருந்து பார்த்தவள்.

எக்ஸ்சேஞ்ச் போஸ்டரில் "10,000 வரை" என்று இருந்தால் அந்த 'வரை' என்ற இரண்டு எழுத்தைத்தான் முதலில் படிக்க வேண்டும். அந்தப் பத்தாயிரம், போன வருடம் வந்த விலையுயர்ந்த போனுக்கு. உங்கள் போனுக்கு எவ்வளவு என்பதைக் கீறல், பேட்டரி, பட்டன் என்று எல்லாம் பார்த்து எழுதித் தரச் சொல்லுங்கள். ஆன்லைனில் 4,500 என்று காட்டிவிட்டு, வாசலுக்கு வருகிற தம்பி உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்து 2,000 என்பார். அப்போது மறுக்கிற உரிமை உங்களுக்கு இருக்கிறதா என்று ஆர்டர் போடும் முன்பே நிபந்தனையில் பாருங்கள்.

அடுத்து, நோ காஸ்ட் ஈஎம்ஐ, அதாவது வட்டியே இல்லை என்று சொல்லும் தவணை. பூஜ்ய வட்டி என்று ஒன்றே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013லேயே சொல்லிவிட்டது. கணக்கு இப்படி. 24,000 ரூபாய் போன், கிரெடிட் கார்டில் மாதம் 2,000 வீதம் 12 மாதம். வங்கி 15 சதவீத வட்டி போட்டால் வட்டி மட்டும் சுமார் 1,840 ரூபாய். அதை முன்கூட்டியே விலையில் கழித்துவிடுவதால் உங்களுக்கு வட்டி இல்லாத மாதிரி தெரியும். ஆனால் அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி சுமார் 331 ரூபாய் உங்கள் தலையில் விழும். கார்டுக்காரர் 199 ரூபாய் பிராசசிங் கட்டணம் போட்டால் வரியோடு 235. ஆக, 566 ரூபாய் கூட. பெரிய தொகை இல்லைதான், மாதச் சம்பளக்காரருக்கு அது நியாயமான விலையாகக்கூட இருக்கலாம். கேட்க வேண்டிய கேள்வி வேறு. "ரொக்கமாகக் கொடுத்தால் எவ்வளவுக்குத் தருவீங்க?" பல சமயம் 22,500 என்பார்கள். அந்த வித்தியாசம்தான் உங்கள் வட்டி.

கார்டு இல்லாமல் நிதி நிறுவனத்தில் போட்டால் இன்னும் உஷார். தவணை தவறினால் போனையே பூட்டும் செயலியைச் சில இடங்களில் ஏற்றித் தருவார்கள். கையெழுத்துப் போடும் முன் அதைக் கேளுங்கள், கணக்கில் காசு இல்லாமல் தவணை திரும்பினால் எவ்வளவு அபராதம் என்றும் கேளுங்கள்.

பில்லில் நீங்கள் கேட்காத அயிட்டம் ஒன்று இருக்கும். 'பாதுகாப்புத் திட்டம் 999'. நானே போட்டிருக்கிறேன். மாதம் இத்தனை விற்க வேண்டும் என்று எங்களுக்கு இலக்கு இருந்தது. தவணையில் கரைத்துவிட்டால் மாதம் எண்பது சொச்சம், யாரும் கவனிக்க மாட்டார்கள். ஒருநாள் கிணத்துக்கடவிலிருந்து ஒரு கொத்தனார் திரை நொறுங்கிய போனோடு வந்தார். "அம்மிணி, இன்சூரன்ஸ் போட்டிருக்குதுல்ல" என்று பில்லை நீட்டினார். அது வாரண்டியை நீட்டிக்கும் திட்டம், உடைந்த திரைக்குச் செல்லாது. அந்தப் பில்லில் என் எழுத்துத்தான் இருந்தது. அதன் பிறகு பில்லை வரிவரியாகப் படித்துக் காட்டித்தான் கொடுத்தேன், மேனேஜருக்கு அது பிடிக்கவில்லை. நீங்களும் படிக்கச் சொல்லுங்கள். வேண்டாத அயிட்டத்தைப் பணம் கட்டும் முன் எடுக்கச் சொன்னால் எடுத்துத்தான் ஆக வேண்டும்.

"12 ஜிபி ரேம்" என்பதும் அப்படித்தான். பெட்டியின் ஓரத்தில் பொடி எழுத்தில் 6+6 என்று இருக்கும். நிஜ ரேம் ஆறு, மீதி ஆறு சேமிப்பிடத்திலிருந்து கடன் வாங்கியது.

விலை சந்தேகப்படும்படி குறைவாக இருந்து, கடையும் நேரில் இருக்கிறது என்றால் போனையே சோதித்துவிடலாம். *#06# டயல் செய்தால் 15 இலக்க ஐஎம்இஐ எண், அதாவது அந்தப் போனுக்கே உரிய அடையாள எண், வரும். போனில் வருவது, பெட்டியில் இருப்பது, பில்லில் எழுதியது, மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். பிறகு ஆங்கிலத்தில் கே, ஒய், எம் என்ற மூன்று எழுத்தைத் தட்டி, இடைவெளி விட்டு அந்த எண்ணைப் போட்டு 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். அரசின் பதிவில் அது எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்று பதில் வரும். திருட்டுப் போன் என்று முடக்கியிருந்தால் அதுவும் தெரியும். தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி (Sanchar Saathi) செயலியிலும் பார்க்கலாம். கம்பெனியின் தளத்தில் அதே எண்ணைப் போட்டு வாரண்டி எப்போது தொடங்கியது என்றும் பாருங்கள். 'புத்தம் புதுசு' போனுக்கு வாரண்டி ஏழு மாதத்துக்கு முன்பே தொடங்கியிருந்தால் அது யாரோ புழங்கிய போனாக இருக்கலாம். பெட்டியில் இந்திய விலையும், இங்கே தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் முகவரியும் இல்லையென்றால் வெளிநாட்டுச் செட், இங்கே சர்வீஸ் சென்டரில் கையை விரிக்கலாம்.

"பில் வேண்டாம்னா இரண்டாயிரம் குறைச்சுக்கலாம்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். போனுக்கு 2020 ஏப்ரலில் இருந்து 18 சதவீத ஜிஎஸ்டி. அங்கே உங்களுக்குத் தள்ளுபடி கொடுப்பது அரசாங்கம், அதுவும் அதற்குத் தெரியாமலே.

பழைய போனைக் கொடுக்கும் முன் கூகுள் கணக்கை வெளியேற்றி, யுபிஐ செயலிகளை நீக்கி, அப்புறம் முழுதாக அழியுங்கள். சிம், மெமரி கார்டு இரண்டும் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய போனின் ஐஎம்இஐ எண்ணோடு எக்ஸ்சேஞ்ச் ரசீது ஒன்று கேட்டு வாங்கி வையுங்கள். நாளைக்கு அந்தப் போனை வைத்து யாரோ எதையோ செய்தால், அது உங்கள் கையை விட்டுப் போன தேதியைச் சொல்லும் காகிதம் அதுதான்.

பணம் ஏற்கெனவே போய்விட்டதா? உடனே சைபர் குற்ற உதவி எண் 1930ஐக் கூப்பிடுங்கள். தாமதிக்கத் தாமதிக்கப் பணம் கணக்கு மாறிக்கொண்டே போகும். கடையோடு தகராறு என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் வரையிலான பொருளுக்கு மனுக் கட்டணமே கிடையாது.

சித்தப்பா மறு வாரம் உடுமலையிலேயே ஒரு கடையில் 14,499 ரூபாய்க்கு வாங்கினார். கடையில் நின்றபடியே என்னைக் கூப்பிட்டுப் பில்லை வாசித்துக் காட்டினார். வங்கிக் கழிவு 1,000, பழைய போனுக்கு 1,100 தருவதாகச் சொன்னார்களாம், அவர் கொடுக்கவில்லை. சிம் பழைய போனிலேயே கிடக்கிறது. புதுப் போனில் வைஃபை போட்டுப் பேரனோடு வீடியோவில் பேசுகிறார், மோட்டாருக்கு மட்டும் பழசுதான். "அது பழகின போனு அம்மிணி, மோட்டாருக்கும் அதைத்தான் தெரியும்" என்கிறார்.