விடுமுறையில் பிள்ளைகளோடு ஊர்ப் பள்ளிவாசலுக்கு

வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகள் பலர் ஊர்ப் பள்ளிவாசலை வெள்ளிக்கிழமை ஜும்ஆவிலும் பெருநாள் தொழுகையிலும் பார்ப்பதோடு சரி. ஊர்ப் பிள்ளைகளோடு பாயில் உட்கார்ந்து ஓத வேண்டும், போட்டியில் பேர் கொடுக்க வேண்டும். அப்போதுதான் அது அவர்களுக்கும் சொந்தப் பள்ளியாகும். அதனால் டிக்கெட் போடும்போதே காலத்தைப் பாருங்கள்.

தமிழ்நாட்டில் கோடைகால தீனிய்யாத் (மார்க்கக் கல்வி) வகுப்புகள் பள்ளிக்கூட விடுமுறையை ஒட்டி ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் நடக்கும். ஜூலை, ஆகஸ்டில் வருகிறவர்களுக்கு இது கிடைக்காது. ஆனால் ஹிஜ்ரி ஆண்டு ஆங்கில ஆண்டைவிடச் சுமார் 11 நாள் குறைவு என்பதால் ரபீஉல் அவ்வல் மாதம் இப்போது உங்கள் விடுமுறைக்குள் வருகிறது: நபிகள் பிறந்த நாளான மீலாது 2026இல் ஆகஸ்ட் கடைசியிலும், 2027இல் ஆகஸ்ட் நடுவிலும் வரும். பிறையைப் பொறுத்து ஒரு நாள் முன்பின் ஆகலாம். பல ஜமாஅத்துகளில் (பள்ளிவாசலைச் சார்ந்த ஊர் அமைப்புகளில்) அதை ஒட்டித்தான் கிராஅத் (குர்ஆன் ஓதுதல்), பேச்சு, வினாடி வினாப் போட்டிகள். மீலாது விழா நடத்தாத ஜமாஅத் என்றால் மதரஸா ஆண்டு விழா எப்போது என்று கேளுங்கள். இலங்கைக்குப் போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை நடக்கும் அஹதிய்யா மார்க்க வகுப்பை விசாரிக்கலாம்.

தமிழ் தடுமாறும் பிள்ளையை முதலில் கிராஅத் போட்டியில் சேர்ப்பதே நல்லது என்பேன். சிறிய சூரா (குர்ஆன் அத்தியாயம்) ஒன்றை அழகாக ஓதத் தெரிந்தால் போதும், அங்கே எல்லாப் பிள்ளையும் சமம். கூச்சம் விட்டபிறகு தமிழ் தானாக வரும். ஊரிலுள்ள மாமாவோ சாச்சாவோ மூலம் பள்ளி நிர்வாகியான முத்தவல்லியிடமோ, ஓதிக்கொடுக்கும் ஹஜ்ரத்திடமோ முன்கூட்டியே சொல்லிவையுங்கள். மாலையில் குர்ஆன் ஓதும் வகுப்பான மக்தபில் சில நாள் உட்காரவும் அவர்களிடமே அனுமதி கேட்கலாம்.

பல பள்ளிகளில் பெண்களுக்கு இடம் இல்லை. குடும்பமாகக் கிளம்பும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். காயல்பட்டினம் போன்ற ஊர்களில் பெண்களுக்கென்றே தைக்காக்கள் (தொழவும் ஓதவும் கூடும் இடங்கள்) உண்டு. பெண்பிள்ளைகளுக்கான நிகழ்ச்சிகளை அங்கே விசாரியுங்கள்.

ஒரு நாளைப் பழைய பள்ளிகளைப் பார்க்க ஒதுக்குங்கள். கீழக்கரை பழைய ஜும்ஆப் பள்ளியின் கல்தூண்களில் உருவங்கள் இல்லை, பூவும் கொடியும்தான். பிள்ளைகளிடம் தாளும் பென்சிலும் கொடுத்து வரையச் சொல்லுங்கள். தமிழ்நாட்டுக் கல்தச்சு மரபும் இஸ்லாமும் ஒரே தூணில் சேர்ந்திருப்பதை எந்த வகுப்பும் இவ்வளவு தெளிவாகக் காட்டாது. சென்னை திருவல்லிக்கேணியில் 1795இல் கட்டிய வாலாஜா பெரிய பள்ளி, கொழும்பு புறக்கோட்டையின் சிவப்பு வெள்ளை ஜாமிஉல் அல்ஃபார் பள்ளி இரண்டும் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். முஸ்லிம் அல்லாத நண்பர்களை அழைத்துப் போனால் தொழுகை இல்லாத நேரமாகப் பார்த்து, பொறுப்பாளரிடம் கேட்டுவிட்டு உள்ளே போங்கள். வெள்ளி நண்பகல் வேண்டாம்.

பரிசுக்குப் பணம் கொடுக்க விரும்பினால் ஜமாஅத்திடமே கொடுத்து, கலந்துகொண்ட எல்லாப் பிள்ளைகளுக்கும் ஏதாவது கிடைக்கும்படி வாங்கச் சொல்லுங்கள்.